தாமரை வட்டமும் ஒரு மட்கார்டும்

மலைச் சைக்கிள் வந்து இறங்கிய நாளில், டன்மூரி தோட்டத்தில் மலை இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் மலை என்று பெயர் சொல்ல புக்கிட் மெலாவத்தி ஒன்றுதான். அதில் குரங்குகள் இருக்கின்றன. அவை இதுவரை சைக்கிள் கேட்டதில்லை.

தைவானில் கண்காட்சி பார்க்கப் போன தலைமையகத்து டைரக்டர் ஒருவர், தோட்டத்துக்கு ஒன்று என்று வாங்கி அனுப்பியிருந்தார். முன் சக்கரத்துக்கு ஒரு ஸ்பிரிங், பின் சக்கரத்துக்கு ஒரு ஸ்பிரிங். குண்டு குழியில் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும், மேலே இருக்கிறவர் ஆடாமல் போகலாம். 1986 செப்டம்பரில் அதற்கு ஆப்பீஸ் வாசலில் மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மேனேஜர் தங்கராஜு பேசினார்.

"வெள்ளைக்காரன் காலத்துல இந்தத் தோட்டத்துல ஸ்பிரிங் வச்ச ஒரே சாமான் அவன் படுத்த கட்டிலு. இன்னிக்கு நம்ம தபால்காரி ஸ்பிரிங் மேல போகப்போறா. முன்னேற்றம்னா இதுதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். தபால்காரி அம்சவள்ளி கை தட்டிவிட்டுச் சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"ஐயா, மட்கார்டு எங்கங்க?"

"என்னது?"

"சக்கரத்துக்கு மேல தகரம் இருக்குமே. சேறு அடிக்காம."

மேனேஜர் ஆப்பீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி நல்லசாமியைப் பார்த்தார். நல்லசாமி கையிலிருந்த கேட்டலாக்கைப் பார்த்தார்.

"இது மலைக்குன்னு செஞ்சதுங்க ஐயா. மலையில தண்ணி கீழ ஓடிரும், சேறு நிக்காது. அதனால வைக்கல."

"அப்பச் சரி," என்றார் மேனேஜர்.

அம்சவள்ளி இருபத்தெட்டு வருஷம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். ரப்பர் மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்தபோது, குலை வெட்டத் தோளில் வலு இல்லை என்று தபால் பையைக் கொடுத்தார்கள். புருஷன் போய் ஆறு வருஷம், பிள்ளை இல்லை. காலை எட்டு மணிக்கு நல்லசாமி பைக்கு அரக்கு முத்திரை வைப்பார். பத்து மணிக்குள் கோலசிலாங்கூர் தபாலாப்பீசில் பை வந்ததற்குச் சாப்பு, அதாவது ரப்பர் முத்திரை, விழ வேண்டும். ஒன்பது கட்டை, அதாவது ஒன்பது மைல், தூரத்தில் முதல் மூன்று கட்டை களிமண் ரோடு, மிச்சம் தார். ஆப்பீசின் பழைய கறுப்புச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். அதன் மட்கார்டு, மழைக்காலத்தில் குடை பிடித்த மாதிரி முதுகைக் காத்தது.

இப்போது அந்தக் கறுப்புச் சைக்கிளை இனி உபயோகத்துக்கு ஆகாதென்று கண்டெம் செய்து ஸ்டோரில் நிறுத்திவிட்டார்கள். தபால் பை புதுச் சைக்கிளில்தான் போக வேண்டும் என்று சர்க்குலர்.

புதன்கிழமை மட்டும் அவளுக்கு ஊரில் ஒரு வேலை இருந்தது. சாப்பு விழுந்ததும் பின்னாலிருக்கும் தாமான் குடியிருப்புக்குப் போய், கான்ஸ்டன்ஸோடு அரை மணி நேரம் உட்கார்ந்து வருவாள். அவளும் கான்ஸ்டன்ஸும் பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவர்கள். விடிவதற்கு முன்னால் ஒற்றையடிப் பாதையில் அம்சவள்ளி முன்னால் போவாள், கான்ஸ்டன்ஸ் பின்னால் வருவாள். முன்னால் போகிறவள் பாம்பைப் பார்க்க வேண்டும், பின்னால் வருகிறவள் பேசிக்கொண்டே வர வேண்டும். அது அவர்களுக்குள் ஏற்பாடு. கான்ஸ்டன்ஸுக்கு இப்போது வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மகன் வீட்டுப் பின்னறையில் படுக்கை. அம்சவள்ளி ஒரு வாரத்தில் வாய்விட்டுப் பேசுவது அந்த அரை மணி நேரம்தான். மற்ற நாளில், கம்பெனி கொடுத்த லயத்து வீட்டில் அடுப்பைத்தான் ஏதாவது கேட்பாள்.

அந்த வருஷம் மழை செப்டம்பரிலேயே பிடித்துக்கொண்டது.

முதல் புதன்கிழமை, கான்ஸ்டன்ஸின் மருமகள் முரியல் வாசல் கேட்டுக்கு வந்து பார்த்தாள். திறக்கவில்லை.

"ஆன்ட்டி, என்ன இது?"

"ஏம்மா?"

"திரும்புங்க. ஐயோ, தலைமுடி வரைக்கும்."

அம்சவள்ளியின் கொண்டையிலிருந்து குதிகால் வரைக்கும், முதுகின் நடுவாக, ஒரு சாண் அகலத்தில் சேறு கோடு போட்டிருந்தது. பார்த்துப் போட்ட கோடு மாதிரி நேராக இருந்தது.

"பின்பக்கமா வந்து குளிச்சிட்டுச் சேலைய மாத்திக்கிறேன்மா. மாத்துச்சேலை பையில இருக்கு."

"பின்பக்கம் வழி இல்ல ஆன்ட்டி, பாத்ரூமுக்குப் போகணும்னா ஹாலத் தாண்டணும். புது டைல்ஸு. பாப்பா அதுலதான் தவழுது. இவரு ஒரு பொட்டு பாத்தாலும் சத்தம் போடுவாரு."

முரியல் கெட்டவள் இல்லை. சொல்வதற்கு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"சரி, உங்க மாமிகிட்ட நான் வந்திருக்கேன்னு சொல்லு. பதினாலாம் நம்பர் காட்டுல நாம சோறு தின்னோமே, அந்தக் கோண மரம், செம்பனைக்காரன் வெட்டாம விட்டானே, அது போன ராத்திரிக் காத்துல சாஞ்சிருச்சு. எறும்புப் புத்தோட சாஞ்சிருச்சுன்னு சொல்லு."

முரியல் உள்ளே போய்த் திரும்பி வந்தாள்.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்ன?"

"மரம் விழுந்துருச்சாம்னு."

"அவ என்ன சொன்னா?"

"'ம்'னாங்க."

அந்த அரை மணி நேரத்தில் முரியல் ஏழு தடவை உள்ளே போய் வந்தாள். ஏழு 'ம்' கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை போகலாமென்றால் தோட்டத்துக்குப் பஸ் இல்லை. அந்த வீட்டுக்காரர்களும் கான்ஸ்டன்ஸைக் காரில் படுக்க வைத்துக்கொண்டு ராவாங்கிலிருக்கும் முரியலின் தாய்வீட்டுக்குப் போய்விடுவார்கள், கேட்டில் பூட்டுத் தொங்கும். மழைக்கோட்டு ஒன்று ஆப்பீஸ் கொடுத்திருந்தது. அது தபால் பைக்கு. சொந்தமாக ஒரு பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அது சக்கரத்தில் சிக்கி அவளைச் சுங்கை புரோங் பக்கத்து வாய்க்காலில் தள்ளியது.

ஆகவே அவள் நல்லசாமியிடம் போனாள்.

"கிராணி ஐயா, சைக்கிளுக்கு ஒரு மட்கார்டு போட்டுக்கிறேன். டவுன்ல சீனன் கடையில தொங்குது. என் காசுலயே வாங்கிக்கிறேன்."

"அது கம்பெனிச் சொத்து அம்சவள்ளி. கம்பெனிச் சொத்துல நீ ஒரு ஆணி கூட்டினாலும் குத்தம், கொறைச்சாலும் குத்தம்."

"அப்ப ஸ்டோர்ல நிக்கிற பழசுல இருந்து கழட்டி மாட்டலாமே. ஒர்க்‌ஷாப் வீரன் கொஞ்சம் வளைச்சா வந்துரும்ங்கிறான்."

"அது கண்டெம் ஆன சாமான். முழுசா இருந்தாத்தான் முழுசா கண்டெம்னு அர்த்தம். நீ மட்கார்டக் கழட்டிட்டா, மட்கார்டு இல்லாத சைக்கிளயா கண்டெம் பண்ணோம்னு ஆடிட்டர் கேப்பான். நான் என்ன சொல்றது?"

"மட்கார்டு தேவைப்பட்டுச்சுன்னு சொல்லுங்க."

நல்லசாமி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அது. மூன்று பிரதியில் ஒரு மனு எழுதி அவள் கைநாட்டை வாங்கிக்கொண்டார்.

மனு மேனேஜர் மேசைக்குப் போன நேரம் பொல்லாத நேரமாக இருந்தது. தலைமையகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஜப்பானில் தொழிலாளிகளெல்லாம் வட்டமாக உட்கார்ந்து பேசியே நாட்டை உயர்த்திவிட்டார்களாம். ஒவ்வொரு தோட்டமும் வேலையின் தரத்தை உயர்த்த ஒரு தர வட்டம் அமைக்க வேண்டும், வட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும், தீர்க்க ஒரு பிரச்சினை வேண்டும், டிசம்பரில் கிள்ளானில் போட்டி. பெயருக்குத் தட்டுப்பாடில்லை. மேனேஜர் ஒரு வாரமாகப் பிரச்சினையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். சம்பளம், தண்ணீர், ஒழுகுகிற லயம் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். அவை வட்டத்துக்கு ஏற்ற பிரச்சினைகள் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்.

மட்கார்டு மனுவைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நல்லசாமி, இது சின்னது, சுத்தமானது, யாரு மேலயும் பழி இல்ல. இதுதான் பிரச்சினை."

வட்டத்துக்குத் தாமரை வட்டம் என்று பெயர் வைத்தார்கள். தாமரை சேற்றில்தான் பூக்கிறது, ஆனால் சேறு அதில் ஒட்டுவதில்லை. மேனேஜர் இதை முதல் கூட்டத்தில் மூன்று தடவை சொன்னார். அவருக்கு முன்னாலேயே யாரோ இதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று யாரும் அவருக்குத் தெரிவிக்கவில்லை.

முதல் கூட்டம் பதினைந்து நிமிடம் தாமதம். ஆப்பீஸ் மேசை நீளமானது. நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் அது வட்டமா என்று நல்லசாமி சந்தேகம் எழுப்பினார். மேசையை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு ஏழு நாற்காலியை வட்டமாகப் போட்டார்கள். எழுதுவதற்கு இடமில்லாததால் நல்லசாமி மடியில் எழுதினார். அம்சவள்ளிக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அவள் 'பயனர்'. பயனருக்குக் கருத்துண்டு, ஓட்டு இல்லை.

"ஜப்பான்காரன் எந்தப் பிரச்சினைக்கும் அஞ்சு தடவ 'ஏன்' கேப்பான்," என்றார் மேனேஜர். "அஞ்சாவது 'ஏன்'ல மூலகாரணம் கெடைச்சிரும். ஆரம்பிப்போம். முதுகுல ஏன் சேறு?"

"சக்கரம் அடிக்குதுங்க ஐயா," என்றாள் அம்சவள்ளி.

"ஏன் அடிக்குது?"

"மட்கார்டு இல்லைங்க."

"முடிவுக்குத் தாவக் கூடாது. ஏன் அடிக்குது? ரோட்ல சேறு இருக்கு. ரோட்ல ஏன் சேறு?"

"மழை பெய்யுது," என்றார் நல்லசாமி.

"ஏன் மழை பெய்யுது?"

ஒர்க்‌ஷாப் வீரன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். வெளியே பெய்துகொண்டிருந்தது.

"எழுதிக்கிங்க," என்றார் மேனேஜர். "நாலாவது 'ஏன்' வரைக்கும் வெற்றி. அஞ்சாவது, மேலிடத்துக்கு உட்பட்டது."

அடுத்த கூட்டத்தில் சுவரில் ஒரு மீன்முள் வரைந்தார்கள். மீனின் தலையில் 'சேறு' என்று எழுதி, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம் எழுத வேண்டும். இயந்திரம் என்ற முள்ளில் ஒன்றும் இல்லை, சைக்கிள் புதுசு, தலைமையகம் வாங்கியது. பொருள் என்ற முள்ளிலும் இல்லை. முறை என்ற முள்ளிலும் இல்லை, முறை சர்க்குலர்படி நடக்கிறது. மிச்சமிருந்தது ஆள் என்ற முள். அதில் நல்லசாமி 'முதுகு' என்று எழுதினார்.

"முதுகு இல்லைன்னா சேறு எங்கயும் படாது இல்லையா?" என்று விளக்கினார். "நான் அம்சவள்ளியக் குத்தம் சொல்லல. வரைபடம் அப்படி வருது."

அம்சவள்ளி கை தூக்கினாள். வட்டத்தில் பேசுவதற்குக் கை தூக்க வேண்டும்.

"ஐயா, மட்கார்டு வர்ற வரைக்கும் அந்த மூணு கட்டைக்கு நான் சைக்கிளத் தள்ளிக்கிட்டே நடக்கிறேனே. தள்ளினா சேறு அடிக்காது. பாரிட் வாய்க்கால்ல சக்கரத்தக் கழுவிட்டு, தார் ரோட்ல ஏறிக்கிறேன்."

"பத்து மணி சாப்பு?"

"பதினொண்ணாயிரும்."

"அம்சவள்ளி," என்று மேனேஜர் மெதுவாகச் சொன்னார், "ஸ்பிரிங் வச்ச சைக்கிளக் குடுத்திருக்கோம். அத நீ தள்ளிக்கிட்டுப் போறத யாராவது பாத்தா கம்பெனிக்கு என்ன மரியாதை? சாப்பு ஒரு நாள் தவறினா கடுதாசி வரும். கடுதாசி வந்தா வேலை, வேலை போனா லயத்து வீடு. நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். பொறு லா. வட்டம் வேலை செய்யுது."

அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

அக்டோபர் முழுக்கப் புதன்கிழமை புதன்கிழமையாக அவள் கேட்டில் நின்றாள். அவளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முரியலும் உள்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பாப்பாவுக்குப் பல் வந்தது. அதையும் கேட்டுக்கு வெளியே இருந்துதான் பார்த்தாள்.

"மாமி கேட்டாங்க ஆன்ட்டி, மட்கார்டு வந்துருச்சான்னு."

"மீன் வரைஞ்சிருக்காங்கன்னு சொல்லு."

"மீனா?"

"ஆமாம்மா. பெரிய மீனு. எம் முதுகு அதுல ஒரு முள்ளு."

முரியல் உள்ளே போய் வந்தாள்.

"மீன் வாங்கிருக்கீங்களான்னு கேக்குறாங்க."

நவம்பரில் மாதிரிகள் வந்தன. சீனன் கடையிலிருந்து ஐந்து விதம். ரப்பர், பிளாஸ்டிக், குட்டை, நெட்டை, கடைசியில் ஒரு சாதாரணக் கறுப்புத் தகரம். எதைத் தேர்ந்தெடுப்பது? மாட்டிப் பார்க்கலாம் என்றான் வீரன். வெளியே சேறு கணுக்கால் வரைக்கும் கிடந்தது.

"இயற்கைச் சேறு ஒரே தரத்துல இருக்காது," என்றார் மேனேஜர். "காலையில தண்ணியா இருக்கும், சாயங்காலம் கட்டியா இருக்கும். அத வச்சு அஞ்சு மட்கார்டயும் சோதிச்சா அது நியாயமா? மொதல்ல சேத்தத் தரப்படுத்தணும்."

ஒரு மைலோ டின்னில் சேற்றை அள்ளி, மூடி போட்டு, முத்திரை வைத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். அதையும் அம்சவள்ளிதான் தபால் பையில் வைத்து, சேற்றில் ஓட்டிக்கொண்டு போனாள். பத்து நாள் கழித்து அங்கீகாரத்தோடு டின் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு, ஆப்பீசுக்குள்ளேயே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, வீரன் பெடலைச் சுற்ற, நல்லசாமி தேக்கரண்டியால் தரச் சேற்றைச் சக்கரத்தில் ஊற்றினார். வேட்டியில் விழுந்த பொட்டுகளை எண்ணினார்கள். ரப்பருக்கு நூற்று நாற்பது. கறுப்புத் தகரத்துக்கு மூன்று.

"என்னோட முதுகிலயே சோதிச்சிருக்கலாமேங்கய்யா," என்றாள் அம்சவள்ளி.

"நீ பயனர். உன் முதுகு ஒருதலைப்பட்சமா இருக்கும்."

கறுப்புத் தகரம் ஏகமனதாகத் தேர்வாயிற்று. ஸ்டோரில் நிற்கும் கண்டெம் சைக்கிளில் இருப்பதும் அதே தகரம்தான் என்று வீரன் சொன்னான். அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை.

மாட்டிப் பார்த்த அன்றைக்கு இன்னொன்று தெரிந்தது. அம்சவள்ளி ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கிற்று, சக்கரம் மேலே வந்து தகரத்தில் உரசிக் கறக் கறக்கென்றது. தகரத்தைச் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற மாதிரி கீழ்க்கம்பியில் பிடிக்க வைக்கலாம், அரை மணி வேலை என்றான் வீரன். ஆனால் மட்கார்டு இந்த இடத்தில் என்று வட்டம் தீர்மானம் போட்டாகிவிட்டது. தீர்மானத்தை மாற்ற மறுபடி ஐந்து 'ஏன்' கேட்க வேண்டும். போட்டிக்கு எட்டு நாள்தான் இருந்தது. ஆகவே ஸ்பிரிங்குக்குள் இரண்டு மரக்கட்டையை அடித்து இறுக்கினார்கள். சைக்கிள் அதற்குப் பிறகு அசையவில்லை.

"ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கு," என்றார் மேனேஜர். "அதோட வேலையைத்தான் நிறுத்தியிருக்கோம். இதனால ஸ்பிரிங் தேயாது. இது ரெண்டாவது சாதனை. குறிச்சுக்கிங்க."

"ஐயா, நாளைக்குப் புதன்கிழமை," என்றாள் அம்சவள்ளி. "நான் இதுலயே போயிட்டு வரட்டுங்களா?"

"போட்டிக்கு முந்தி அதுல சேறு படலாமா? நீயே சொல்லு."

அந்தப் புதன்கிழமை மட்கார்டைக் கழற்றித் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, சைக்கிளை மட்டும் கொடுத்தார்கள். இப்போது அதில் ஸ்பிரிங்கின் ஆட்டமும் இல்லை. குழிக்குக் குழி அவள் தன் எலும்புகளை எண்ணிக்கொண்டாள்.

போட்டி கிள்ளானில், ஓர் ஓட்டல் மண்டபத்தில். அம்சவள்ளியையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேடையில் 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு காட்சி. கிள்ளானில் அன்றைக்கு நல்ல வெயில். நல்லசாமி மைலோ டின்னைத் திறந்து, ஒரு பிரஷ்ஷால் அவள் முதுகில் நேர்கோடு போட்டார்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் மெல்ல. அதுவரைக்கும் அவர் அவளை 'அம்மா' என்றதில்லை.

'முன்பு' காட்சிக்கு அவள் முதுகைக் காட்டி நின்றாள், சபை அனுதாபப்பட்டது. பின்னால் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து 'பின்பு' காட்சிக்கு முதுகைக் காட்டி நின்றாள், சபை கை தட்டிற்று. போட்டோக்காரன் இரண்டையும் எடுத்தான்.

"மொகத்தயும் ஒண்ணு எடுங்க தம்பி," என்றாள் அவள்.

"மொகம் புரோஜெக்ட்ல இல்லையே ஆன்ட்டி," என்றான் அவன்.

மேனேஜர் ஒலிபெருக்கியில் பேசினார். "சிலர் கேட்கலாம், ஒரு மட்கார்டுக்கு இவ்வளவு பாடா என்று. நான் சொல்வேன், மட்கார்டு யாரும் மாட்டலாம். அதை வட்டமாக உட்கார்ந்து மாட்டியது நாங்கள்தான். எங்கள் தோட்டத்தில் சேறு என்ற பிரச்சினை இன்றோடு முடிந்தது."

இரண்டாம் பரிசு. கேடயம் பெரியது, லோரியில் அம்சவள்ளிதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மட்கார்டு அவர்களோடு வரவில்லை. அதைத் தலைமையகம் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எடுத்துக்கொண்டது. கீழே ஓர் அட்டை: 'தாமரை வட்டத்தின் கண்டுபிடிப்பு'.

மறுபடி ஒரு மனு எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தாள். நான்கே நாளில் பதில் வந்தது. தலைமையகம் அவ்வளவு வேகமாகப் பதில் போட்டதை நல்லசாமி தன் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை. நின்றுகொண்டே வாசித்துக் காட்டினார்.

"'தங்கள் பிரச்சினை டிசம்பர் பத்தாம் தேதி தீர்க்கப்பட்டுவிட்டது. தீர்ந்த பிரச்சினைக்கு மனு ஏற்கப்பட மாட்டாது.' அவ்வளவுதான் போட்டிருக்கு."

"இப்பவும் சேறு அடிக்குதே ஐயா."

"தெரியுது. ஆனா அது இப்ப பிரச்சினை இல்ல. வெறும் சேறு."

கிறிஸ்மஸுக்கு முறுக்கு சுட்டுக்கொண்டு போய்க் கேட்டுக் கம்பி வழியாகக் கொடுத்தாள். ஜனவரியில் கம்பெனிச் சஞ்சிகை வந்தது. 'பின்பு' படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து, அதையும் கம்பி வழியாகக் கொடுத்தாள்.

முரியல் உள்ளே கொண்டுபோனாள். அன்றைக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

"கட்டிலுக்குப் பக்கத்துல ஒட்டச் சொன்னாங்க. ஒட்டிட்டேன்."

"என்ன சொன்னா?"

முரியல் யோசித்துப் பார்த்து, இந்தத் தடவை முழுசாகச் சொன்னாள். "'முப்பது வருஷமா இதத்தான பாத்துக்கிட்டு வந்தேன், மொகத்த எப்பக் கொண்டு வருவா'ன்னு."

அடுத்த புதன்கிழமை முரியலே கேட்டில் காத்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, மாமிக்கு மறுபடியும் வாதம் வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை. ஆஸ்பத்திரியில பாத்துட்டு, வீட்டுக்கே கொண்டுட்டுப் போங்கன்னுட்டாங்க. ஆளு தெரியல. இவர அவங்க அண்ணன் பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க. என்னை நர்சுங்கிறாங்க."

அம்சவள்ளி கம்பியைப் பிடித்தாள். முதுகில் சேறு காய்ந்து இழுத்தது.

"உள்ள வரச் சொல்ல எனக்கும் ஆசைதான் ஆன்ட்டி. படுக்கைப் புண்ணு வந்துருச்சு. அழுக்கு அண்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"புரியுதும்மா."

"மட்கார்டு?"

"அது கண்ணாடிப் பெட்டியில இருக்கு. சேறு படாம."

அதற்கடுத்த புதன்கிழமையும் மழை. எட்டு மணிக்கு முத்திரை வைத்த பையை மழைக்கோட்டில் சுற்றிக் கட்டினாள். ஆப்பீஸ் ஜன்னலில் நல்லசாமி நின்றுகொண்டிருந்தார். அவர் பார்க்கும்போதே அம்சவள்ளி சைக்கிளில் ஏறாமல், ஹேண்டலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"அம்சவள்ளி, ஏறிப் போ," என்றார் நல்லசாமி.

அவள் திரும்பவில்லை.

"சாப்பு தவறிரும்மா. கடுதாசி நான்தான் டைப் அடிக்கணும்."

"அடிங்க ஐயா."

மூன்று கட்டை களிமண் ரோட்டை நடந்தே கடந்தாள். சேறு முழங்கால் வரைக்கும் வந்தது, அதற்கு மேலே வரவில்லை. பாரிட்டில் இறங்கிச் சக்கரத்தைக் கழுவினாள், காலைக் கழுவினாள். தார் ரோட்டிலும் தண்ணீர் ஓடியது, ஆகவே அதிலும் நடந்தாள். தபாலாப்பீசில் மணி பதினொன்றே முக்கால். சாப்பு விழுந்தபோது அந்தச் சத்தத்தைக் கவனித்துக் கேட்டுக்கொண்டாள். லயத்து வீட்டில் சாமான் அதிகம் இல்லை, காலி செய்ய ஒரு லோரி தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு தாமானுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"திரும்புங்க," என்றாள் முரியல். அம்சவள்ளி திரும்பிக் காட்டினாள். கேட்டுத் திறந்தது.

டைல்ஸ் சில்லென்று இருந்தது. ஹாலைத் தாண்டுவதற்குப் பன்னிரண்டு அடி.

பின்னறையில் கான்ஸ்டன்ஸ் ஒருக்களித்துக் கிடந்தாள். பாதியாகியிருந்தாள். சுவரில் அந்தப் படம். அம்சவள்ளி கட்டிலருகே குனிந்து முகத்தைக் காட்டினாள்.

"கான்சு."

கண் அவள் முகத்தின் மேல் வந்து நின்று, தாண்டிப் போயிற்று.

"யாரு வந்துருக்கேன் பாரு. நாந்தான்."

"மாத்திர வேணாம்," என்றாள் கான்ஸ்டன்ஸ், குழறி.

"நான் நர்சு இல்லடி. அம்சா."

"அம்சா முன்னால போயிட்டா," என்றாள் கான்ஸ்டன்ஸ். சொல்லிவிட்டு அவள் முகத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள்.

முரியல் வாசலில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் எவ்வளவு போயிற்று என்று தெரியவில்லை. ஜன்னல் திரை காற்றில் அடித்தது. அதை இழுத்துவிடலாம் என்று எழுந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று, திரையைப் பிடித்தாள்.

"அம்சா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "வெரசா நடக்காதடி. என்னால முடியல."

அம்சவள்ளி திரையை விடவில்லை. திரும்பவும் இல்லை.

"இல்லடி," என்றாள். "மெதுவாத்தான் போறேன்."

"பாம்பு இருக்கா பாரு."

"ஒண்ணும் இல்ல. வா."

காலால் ஒரு ஸ்டூலைத் தேடி இழுத்து, சுவரைப் பார்த்தபடியே அதில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை பேச வேண்டியவள் முன்னால் போகிறவள்தான். கோண மரம் சாய்ந்த கதையிலிருந்து, எறும்புப் புற்றையும் விடாமல், பின்னால் வருகிறவளுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்ல ஆரம்பித்தாள்.